இடக்கைக்கு ஆறு வெட்டு

சாவி வெட்டும் கடையில் வந்து நிற்பவர்கள் முதலில் பார்ப்பது அவளுடைய இடக்கையைத்தான். அரம் எப்போதும் அந்தக் கையில் இருக்கும். அதே கையால் எழுதியதற்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மரஸ்கேலால் முட்டியில் போட்டார். ஐந்தாவதோடு படிப்பை விட்டாள். கையை விடவில்லை.

அந்தக் கிட்டார் அவளிடம் வந்ததும் தொழில் மூலமாகத்தான். ஹோட்டல் மேடைகளில் முப்பது வருஷம் வாசித்த ஒருவர் இறந்துபோனார். வீட்டைக் காலி செய்த மகள், சாவி தொலைந்த ஒரு பெட்டியைத் திறக்க இவளைக் கூப்பிட்டாள். மற்ற நாலு கிட்டார்களையும் ஏற்கெனவே ஒரு வக்கீல் வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். சாவி தொலைந்த பெட்டிக்குள் இருந்தது ஐந்தாவது.

"வாசிப்பீங்களா?" என்றாள் மகள்.

"இரவல் கிட்டார்ல பழகியிருக்கேன்."

சேமித்ததையெல்லாம் கொடுத்து வாங்கி வந்தாள்.

இடக்கைக்காரி வாசிக்க வேண்டுமானால் கம்பிகளை வரிசை மாற்றிக் கட்ட வேண்டும். கட்டினாள். கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்கார ஆறு வெட்டுகளோடு ஓர் எலும்புத் துண்டு இருக்கிறதே, அது ஒத்துவரவில்லை. தடித்த கம்பி குறுகிய வெட்டில் இறங்காமல் நின்றது. மெல்லிய கம்பி அகன்ற வெட்டில் கிடந்து கரகரத்தது.

"செத்த மனுசன் இருமுறாரு போல," என்றான் புருஷன்.

ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போனாள். அங்கே அந்த வக்கீல் உட்கார்ந்திருந்தார்.

"அந்தத் துண்டைக் கழட்டவே கூடாது. அவர் வச்சிருந்தபடியே இருக்கணும். நீ வலது கையில கத்துக்கயேன்மா."

"அஞ்சாவதுலயே ஒருத்தர் சொல்லிப் பாத்துட்டாரு சார்."

வக்கீல் கிட்டாரின் பலகையில் தேய்ந்திருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். "பாரு, அவரு நகம் பட்ட இடம். சரித்திரம். நீ திருப்பிப் பிடிச்சா அந்தப் பக்கமும் கீறல் விழும்."

"அவரு கீறினா சரித்திரம், நான் கீறினா சேதாரமா?"

ரிப்பேர்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வக்கீல் அவருடைய பழைய வாடிக்கை. "வம்பு வேணாம்மா, நான் வெட்ட மாட்டேன்," என்றார்.

"வெட்ட வேணாம்ணே. வெறும் எலும்பு ரெண்டு குடுங்க."

கடைக்குத் திரும்பி, பழைய துண்டை அலுங்காமல் தட்டி எடுத்து டப்பாவில் போட்டாள். சாவி அரத்தாலேயே புதிதாக வெட்டினாள். சாவி ஒரு இழை ஆழமாகிவிட்டாலும் சில பூட்டுகள் பொறுத்துக்கொள்ளும். கம்பி பொறுக்கவில்லை, முதல் எலும்பு வீணானது. இருந்தது இன்னும் ஒன்றுதான். ஒவ்வொரு தடவை தேய்த்ததும் கம்பியை வைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் ஆறு கம்பியும் சுத்தமாகப் பேசின.

அதன்பின் ஆள் வராத நேரமெல்லாம் வாசித்தாள். துண்டை மாற்றிவிட்டாள் என்ற பேச்சு வக்கீல் காதுக்கும் எட்டியது. ஒருநாள் கடை வாசலில் வந்து நின்றார்.

"அந்தப் பழைய துண்டு... தூக்கிப் போட்டுட்டியா?"

டப்பாவைத் திறந்து எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "அவரு கம்பி உட்கார்ந்த துண்டு சார். கண்ணாடிப் பெட்டியில வச்சுக்கங்க."

அவர் அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். போக மனசில்லாமல் நின்றார்.

"கிட்டாரையும் குடுத்துடேன். கேட்டதைத் தர்றேன்."

அவள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அதுக்கு வேலை இருக்கு சார்."