பெயர் சொல்லிக் கூப்பிட்ட சாயங்காலம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஆடி மாதத்தில் நடந்தது இது. நான் பொன்னேரியிலிருந்து தினமும் ரயிலில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகிறவள். பிளாஸ்டிக் டப்பா கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை. என் கணவருக்கு அதே பேட்டையில் இரும்புக் கம்பி ஆலையில் வேலை.

நாங்கள் பரம்பரைக் கிறிஸ்தவர்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவோம். ஆனால் அங்கே யாராவது எழுந்து, ஆண்டவர் எனக்கு வீடு கொடுத்தார், மகனுக்கு விசா கொடுத்தார் என்று சாட்சி சொல்ல ஆரம்பித்தால், நான் மணி பார்க்கிற ரகம். அற்புதமெல்லாம் இயேசு காலத்தோடு முடிந்துவிட்டது என்பது என் எண்ணம்.

எங்கள் பெண்கள் பெட்டியில் ஒரு அக்கா வருவார். கெமிக்கல் கம்பெனியில் துப்புரவு வேலை. ரயில் கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் கண்ணை மூடி ஜெபம் செய்துவிடுவார். பக்கத்தில் இருப்பவர்களின் தலைவலி, மாமியார் சண்டை எல்லாம் அதில் வந்துவிடும். 'ரயில் பாஸ்டரம்மா' என்று கிண்டல் செய்வோம். கோபமே வராது, சிரித்துக்கொள்வார்.

அந்த ஆடியில் ஒரு நாள் ஆலையில் கிரேன் சங்கிலி அறுந்து கம்பிக்கட்டு சரிந்தது. என் கணவருக்குத் தலையில் பலத்த அடி. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். ஒரு வாரத்துக்கு மேலாகியும் அவர் கண் திறக்கவில்லை. "எங்களால முடிஞ்சதச் செஞ்சாச்சும்மா, இனிமே அவர்தான் முழிக்கணும்" என்றார் டாக்டர். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜெபம் செய்யக்கூட வாய் வரவில்லை.

வேலை முடிந்ததும் அக்கா தினமும் ரயிலேறி வந்துவிடுவார். எந்த மாடியில் வெந்நீர் கிடைக்கும், எந்த பெஞ்சுக்கு மேல் ஃபேன் ஓடும் என்று யாரையும் கேட்க மாட்டார். நேராகப் போய் வாங்கி வருவார். கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் ஐ.சி.யூ. கதவருகே முழங்கால் போட்டு வெகுநேரம் ஜெபித்தார். எழுந்து என்னிடம் கேட்டார்.

"உள்ள போனா அவர இன்னான்னு கூப்புடற?"

"இன்னாங்கன்னுதான்க்கா."

"பேரச் சொல்லிக் கூப்புடு."

"ஐயோ, ஊட்லகூட அப்டிக் கூப்ட்டதில்லக்கா."

"செத்து நாலு நாளு கல்லறைல கெடந்தவனயே ஆண்டவரு பேரச் சொல்லித்தான் எழுப்பினாரு. இங்க எல்லாப் பொம்பளயும் இன்னாங்கன்னுதான் கூப்புட்டுகினு இருக்காங்க. கூப்புடறது தன்னத்தான்னு உன் ஊட்டுக்காரருக்குத் தெரிய வேணாவா? போ."

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி தன் வாயால் புருஷன் பெயரைச் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்பார்கள். தலைமுறையாகச் சர்ச்சுக்குப் போயும் அந்தப் பயம் மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. உள்ளே போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். முதல் தடவை பழக்கத்தில் இன்னாங்க என்றுதான் வாயில் வந்தது. மறுபடி, ஞானஸ்நானத்தில் வைத்த முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டேன். இமை அசைந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நர்ஸ் ஓடி வந்தார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து, ஆண்டவரே ஆண்டவரே என்று அழுதேன்.

வாயிலிருந்த குழாயை எடுத்தபிறகு அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்: "இன்னாடி, பேரச் சொல்லிக் கூப்புடற அளவுக்கு வந்துட்ட?"

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நாளில், துணிமணிகளை மடித்துக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டேன். "உனக்கு எப்டிக்கா இந்த ஆஸ்பத்திரி இவ்ளோ அத்துப்படி?"

"எம் புருசனும் இங்கதாம்மா இருந்தாரு. அதே பெஞ்சுலதான் நானும் ஒக்காந்துகினு இருந்தேன். நானும் பேரச் சொல்லிக் கூப்ட்டுப் பாத்தேன். அவரு எழுந்திருக்கல."

"அப்புறம் எப்டிக்கா இங்கயே வந்து ஜெபம் பண்ண?"

மடித்த புடவையைப் பையில் வைத்தார். "அன்னிக்கு ஆண்டவரு கூட இல்லன்னா நான் தனியா ஊடு போய்ச் சேந்திருப்பனா? இருந்தாரும்மா. அந்த நம்பிக்கைலதான் உனக்காவும் கேட்டேன்."

அடுத்த மாதம் சர்ச்சில் நானே எழுந்து நின்று சாட்சி சொன்னேன். யாராவது மணி பார்த்திருந்தால் எனக்கு அது வேண்டியதுதான். கணவர் கண் திறந்ததைச் சொன்னபோது எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். அக்காவைப் பற்றிச் சொன்னபோது பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கணவர் இப்போது பழையபடி வேலைக்குப் போகிறார். ரயிலில் அக்கா கண்ணை மூடினால் நானும் மூடிக்கொள்கிறேன். அன்று கணவர் கண் திறந்தது அற்புதம்தான், அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் தன் புருஷன் எழுந்து வராத அதே கதவுக்கு முன்னால், இன்னொருத்தியின் புருஷனுக்காக ஒரு பெண் முழங்கால் போட்டதைப் பார்த்த பிறகுதான் நான் நிஜமாகவே விசுவாசியானேன்.