மேலே என்று எழுதினேன்

இந்த ஊரில் ‘மேலே’ என்ற சொல்லிலிருந்து தப்பவே முடியாது. தமிழிலும் அதுதான், கன்னடத்திலும் அதுதான். பஸ் படியில் தொங்குகிறவர்களைக் கண்டக்டர் “மேலே ஹத்ரீ”, மேலே ஏறுங்க, என்று விரட்டுவார். வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியைக் காட்டி மேலே என்பார். தெருவில் யாராவது செத்துப்போனால் மேலே போய்ட்டார் என்பார்கள். ஒவ்வொரு முறையும் என் கையிலிருக்கிற வேலை நின்றுவிடுகிறது. அந்தச் சொல்லை ஒருமுறை நான் என் கையால் எழுதியிருக்கிறேன், அதனால்.

அண்ணன் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டும் டர்னர். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவன் இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. படி ஏறலாம், மெதுவாக. ஓடவே கூடாது. இப்படிப்பட்டவனுக்கு எதற்கு ராக்கெட் என்று கேட்காதவர்கள் எங்கள் ஆஸ்டின் டவுனில் இல்லை. ஆனால் அவனுக்குப் பிடித்தால் குரங்குப்பிடி. இரண்டாயிரம் பிறந்த சமயம், கூடப் படித்து அமெரிக்கா போயிருந்த சிநேகிதர் ஒருவர் பெட்டிக்குள் வைத்து ஒரு பொம்மை ராக்கெட் கிட் கொண்டுவந்து கொடுத்தார். அட்டைக் குழாய், மெல்லிய மரச் சிறகுகள், பிளாஸ்டிக் மூக்கு, ஒரு பாராசூட். நிறுத்தினால் என் இடுப்புவரை வரும். மோட்டார் மட்டும் விமானத்தில் வராது. அதை அவன் எங்கே பிடித்தான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சிரித்திருப்பான்.

முதல் தடவை ஆனேக்கல்லுக்கு அப்பால், கேழ்வரகு அறுத்துவிட்ட காலி நிலத்தில் விட்டோம். பஸ்ஸில் பெட்ஷீட் சுற்றிக் கொண்டுபோனதைப் பார்த்து கண்டக்டர் கன்னடத்தில் “ஏனம்மா இது?”, என்ன இது, என்றார். அண்ணன் முந்திக்கொண்டு “பைப்பு சார்” என்றான். பைப்பு நன்றாகத்தான் போனது. உச்சியில் பாராசூட்டும் விரிந்தது. ஆனால் காற்று அதைத் தூக்கிக்கொண்டுபோய் நாலு வயல் தாண்டிப் போட்டது. அண்ணன் நடந்துதான் போனான். அதற்கே உதடு நீலம் பூத்து, வரப்பில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி அவன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். “விளையாட்டு வினையாகும்னு சும்மாவா சொன்னாங்க. இன்னொரு வாட்டி அதுக்குப் பின்னாடி போனீங்கன்னா அந்தக் குழாயை அடுப்புல வெச்சிருவேன்,” என்று அவனிடம் சொன்னார். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நீ கூட இருக்கேன்னுதான் விடறேன். அவரை ஓட மட்டும் விட்டுடாதேம்மா.”

விடமாட்டேன் என்று சொன்னேன்.

அதற்காகத்தான் இரண்டு பாராசூட். உச்சியில் சின்னது மட்டும் விரியும்; ராக்கெட் நேராக, வேகமாக இறங்கும். தரைக்குக் கிட்டே வந்தபிறகு பெரியது விரிந்து மெல்ல உட்காரவைக்கும். காற்று இழுத்துக்கொண்டு போக நேரமே கிடைக்காது, காலடியில் வந்து விழும் என்றான். காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் கண்டுபிடிக்கும் தீப்பெட்டி அளவு போர்டு ஒன்றை அதே சிநேகிதர் அனுப்பிவைத்தார். அதற்கு இரண்டு வாய். ஒன்று உச்சியில் பொறி கொடுக்கும், இன்னொன்று தரைக்கு அருகில். பொறி பட்டதும் சிட்டிகை வெடிமருந்து பற்றிப் பாராசூட்டை வெளியே தள்ளும். “இனிமே நான் அதைத் தேடிப் போக வேணாம், அதுவே என்னைத் தேடி வரும்,” என்று அண்ணியிடம் பெருமையடித்துக்கொண்டான்.

நான் பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிறவள். பாராசூட் என் இலாகா. சின்னதைப் பழைய குடைத் துணியில் தைத்தேன். பெரியதை ஆரஞ்சு நிற லைனிங் துணியில் எட்டுத் துண்டு வைத்துத் தைத்தேன். முதலில் தையல் சுருங்கிவிட்டது. முழுக்கப் பிரித்து மறுபடி தைத்தேன். “சக்கத்தா இருக்கு பாப்பா,” என்று பாராட்டினான். துணி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முகப்பவுடர் தூவி மடித்தேன். இப்போதும் யாராவது பவுடர் பூசிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றால் நான் நகர்ந்துவிடுகிறேன்.

குழாயை நடுவில் அறுத்து, போர்டை நடுவே வைத்து, மேலும் கீழுமாக இரண்டு அறை செய்திருந்தான். பெரிய பாராசூட் மூக்குக்கு அடியில் மேல் அறையில். சின்னது கீழ் அறையில். அதாவது வானத்தில் உயரத்தில் விரிய வேண்டியது கீழ் அறையில் இருந்தது, தரைக்குப் பக்கத்தில் விரிய வேண்டியது மேல் அறையில் இருந்தது. அப்படி வைப்பதுதான் வசதி என்றான். எனக்கும் புரிந்திருந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டையும் உள்ளே வைத்து மூடினேன். இரண்டு அறையிலிருந்தும் வந்த வயர்கள் ஒரே சிவப்பு, எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ஒரே சுருள்.

“ரெண்டுலயும் எழுதி ஒட்டிடு. இங்கிலீஷ்லயே எழுது,” என்றான்.

“ஏன், தமிழ்ல எழுதினா உன் போர்டு கோவிச்சுக்குமா?” என்றேன்.

அவன் படித்தது கன்னடப் பள்ளியில். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். அதை வைத்து அவனை வம்புக்கு இழுப்பது எனக்குப் பழக்கம். அவன் மாத்திரை போட்டுக்கொள்ள எழுந்து போனான். நான் வெள்ளை ஒட்டுத்தாளைக் கிழித்து, மேல் அறை வயரில் ‘மேலே’ என்றும் கீழ் அறை வயரில் ‘கீழே’ என்றும் எழுதி ஒட்டினேன். இதற்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை அதே வயலில் குந்தி உட்கார்ந்து அவனே வயர்களை போர்டில் பொருத்தினான். “மே… லே,” என்று வாசித்துவிட்டு நிமிர்ந்து சிரித்தான். “பார், படிச்சிட்டேன்.” உச்சியில் பொறி கொடுக்கும் வாயில் அதை முடுக்கினான். எனக்கு மேலே என்றால் மேல் அறை. அவனுக்கு மேலே என்றால் வானம். நான் உள்ளங்கையில் ஸ்க்ரூவை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன், நானும் சிரித்தேன்.

ராக்கெட் போனது. உச்சியில் ஆரஞ்சு விரிந்தது. தப்பு என்று புரிவதற்கு முன்னால் எனக்குப் பெருமைதான் வந்தது. எட்டுத் துண்டும், ஒரு தையல் விடாமல், முழு வட்டமாக. அவ்வளவு அழகாக இருந்தது. காற்று அதைத் தூரமாக இழுத்துக்கொண்டு போக, அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். அதைச் சொல்லலாம் என்று திரும்பினால் பக்கத்தில் ஆள் இல்லை. அவன் இரண்டு வயல் தாண்டி ஓடிக்கொண்டிருந்தான். அவன் ஓடி நான் பார்த்ததே இல்லை. நன்றாக ஓடினான்.

கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். தைல மரத் தோப்புக்கு அந்தப் பக்கம், ராக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குழாயின் நடுப்பாகம் திறந்திருந்தது, ஸ்க்ரூ டிரைவர் பக்கத்தில் கிடந்தது. ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினான்.

“வயர் லூஸ் பாப்பா. என் சோல்டரிங்தான்… சரியில்லே. நீ தைச்சது… பிரமாதம்.”

தக்காளி ஏற்றிவந்த டெம்போவில் ஆனேக்கல். அங்கிருந்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி. அண்ணியிடமும் வயர் லூஸ் என்றே சொன்னான். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டான்.

நர்ஸ் அவன் சட்டையை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார். சட்டைப் பையில் இரண்டு பஸ் டிக்கெட்டும், இறுக்கிச் சுருட்டிய ஏதோ ஒன்றும் இருந்தன. மாத்திரைத் தாள் என்று நினைத்துப் பிரித்தேன். வெள்ளை ஒட்டுத்தாள். என் எழுத்து. மேலே.

நான் போய்ச் சேருவதற்குள் அவன் குழாயைத் திறந்து, பார்த்து, என்ன நடந்தது என்று புரிந்துகொண்டு, அதை உரித்துப் பைக்குள் ஒளித்திருக்கிறான். மூச்சே இல்லாத நேரத்தில் அந்த வேலையைச் செய்திருக்கிறான். நடைவழியின் அந்தக் கோடியில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். நான் அதை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன்.

வருஷா வருஷம் திதியன்று இலை போட்டுப் பரிமாறிய பிறகு அண்ணி சொல்வார்: “அந்தப் பாழாப்போன வயரு. அது ஒண்ணு சரியா இருந்திருந்தா.” என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. “நீ என்னம்மா பண்ணுவே, பாவம்,” என்று என் இலையில் இன்னொரு வடை வைப்பார். நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன். சொன்னால் அண்ணனுடைய கடைசிப் பேச்சு பொய் என்று அவருக்குத் தெரிந்துவிடுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். அது சாக்கு என்றும் எனக்குத் தெரியும்.

ஒட்டுத்தாள் என் ஊசி டப்பாவில் இருக்கிறது. பசை காய்ந்துவிட்டது, எழுத்து மங்கவில்லை. அண்ணி வயரைத் திட்டும்போது நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன்.