போர்டோடு ஒட்டிப்போன குரல்

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் எங்களுக்கு நாலு பவர்லூம். எந்தச் சேலைக்கு எந்த நிறம் என்று முடிவு செய்தவள் என் மனைவி. கடைக்குச் சரக்கு கொண்டுபோவது, அவளிடம் திட்டு வாங்குவது என்று நான் இரண்டு வேலை பார்த்தேன்.

தறியின் நெடுக்கு நூலான பாவுக்கு, நூல் சுற்றிய கோன்களைச் சட்டத்தில் மாட்ட வரும் பெண்ணுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் என் மனைவி நிற வரிசையை லேப்டாப்பில் பேசிப் பதிவு செய்துவிடுவாள். அதைக் கேட்டுக்கொண்டே அந்தப் பெண் மாட்டுவாள். குறுக்கே நான் போனால் அதுவும் பதிவாகிவிடும். "செவப்பு நாலு. கறுப்பு ரெண்டு. மஞ்சள் ஆறு. இந்தாய்யா, ஈரக் காலோட நூலு மேல நடக்காத. அப்பறம் பச்சை."

என் மனைவி போய்ச் சேர்ந்தபின்னும் அவள் பதிவைப் போட்டுத்தான் கோன் மாட்டினோம். வருஷம் முடிந்து, பண்டிகை செய்யலாம் என்றானபின் வந்த முதல் ஆயுத பூஜை. தறிக்கும் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைப்பது எப்போதும் அவள்தான். இந்த முறை பூசாரிப் பதவி எனக்கு வந்தது. தறிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாவிலையால் தண்ணீர் தெளித்தேன். லேப்டாப் கோபித்துக்கொள்ளுமே என்று அதையும் திறந்துவைத்துத் தாராளமாகத் தெளித்தேன். பழைய பெரிய கம்ப்யூட்டர் எத்தனையோ பூஜை கண்டது. உள்ளே அட்சதைகூடக் கிடக்கும். ஒருமுறை அது செத்தபோது டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டினேன். எல்லாம் அப்படியே இருந்தது. அன்றிலிருந்து நான் இன்ஜினீயர் என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இந்த லேப்டாப் கற்பூரம் அணைவதற்குள் அணைந்துவிட்டது.

சித்தூரில் பழக்கமான ரிப்பேர் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். "டிஸ்க்கை மட்டும் கழட்டிக் குடுப்பா. மத்ததெல்லாம் நீயே வெச்சிக்க" என்றேன், கொடைவள்ளல் மாதிரி.

அவர் உள்ளே திறந்து காட்டினார். "கழட்ட எங்கண்ணா கீது? எல்லாத்தையும் போர்டோட பத்தவெச்சி அனுப்பிக்கிறான். கரண்டு வர்ற எடத்துல ஒரு சின்ன சில்லு போயிடுச்சி. அத்த கம்பெனிக்காரன் வெளில விக்கறதில்ல. கேட்டா லேது, கெடையாதுன்றான்."

"வேற மிஷின்லேர்ந்து எடுத்துப் போடேன்."

"போட்டுப் பாத்துட்டேண்ணா. வேற மிஷினு சில்லுன்னு கண்டுபுடிச்சிக்கினு எழுந்துக்கவே மாட்டேன்னுது. ஒறவுலதான் சம்மந்தம் பண்ணுவேன்னு நிக்குது."

சிரித்தேன். சிரித்தது நான் மட்டும்தான்.

திருப்பதியில் கம்பெனியின் சொந்த சர்வீஸ் சென்டர் இருக்கிறது. தரிசனத்துக்கு நிற்பதுபோல் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் தெலுங்கில் ஆரம்பித்து, என் முழியைப் பார்த்துத் தமிழுக்கு வந்தாள்.

"போர்டு மாத்திடலாம் சார். பழைய போர்டை நாங்க எடுத்துக்குவோம். உள்ள இருக்கறது வராது."

"அந்தச் சில்லு மட்டும் மாத்த முடியாதாம்மா?"

"அப்படி மாத்தறதில்ல சார். முழு போர்டுதான். காப்பி எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"எங்க வீட்ல எதையும் எடுத்து வெக்கிறவ ஒருத்திதாம்மா இருந்தா."

அவளுக்குப் புரியவில்லை. "புது போர்டு போட்டா மிஷின் நல்லா ஓடும் சார்" என்றாள் ஆறுதலாக.

லேப்டாப்பைத் திரும்பத் துணிப்பையில் வைத்தேன்.

"குடுக்கலீங்களா சார்?"

"வேணாம்மா. உள்ள ஆள் கீறாங்க."

வீட்டில் அது இப்போது அலமாரியில் இருக்கிறது. மூடியில் நான் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது. ஆனால் பாவு காத்திருக்குமா? திருப்பதியிலிருந்து வந்த மறுநாளே கோன் சட்டத்தின் முன்னால் உட்கார்ந்து, மனப்பாடமாக நானே சொல்ல ஆரம்பித்தேன். "செவப்பு நாலு. கறுப்பு ரெண்டு. மஞ்சள் ஆறு. பச்சை..."

கோன் மாட்டும் பெண் கையில் மஞ்சள் கோனோடு நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா?"

"மஞ்சளுக்கு அப்பறம் அக்கா உன்னத் திட்டுமேண்ணா. அந்தத் திட்டு முடியறதுக்குள்ளதான் நான் ஆறையும் மாட்டுவேன். நீ இன்னாடான்னா கடகடன்னு போய்க்கினே கீற."

அதனால் என்னை நானே திட்டினேன். "இந்தாய்யா, ஈரக் காலோட நூலு மேல நடக்காத."

என் குரலில் அது நன்றாகவே இல்லை. அவள் நிமிராமல் ஆறு மஞ்சளையும் மாட்டி முடித்தாள். குனிந்து என் கால் ஈரமா என்று பார்த்துவிட்டு, "அப்பறம் பச்சை" என்றேன்.