கேமரா சித்தப்பாவின் பூனை

அந்தத் தெருவில் அவளை எல்லாரும் ஸ்டூடியோ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்துக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு அறை. கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு வெள்ளைத் திரை, ஒரு நீலத் திரை, ஏற்றி இறக்குகிற ஸ்டூல். பாஸ்போர்ட் போட்டோவுக்கு விறைத்துப்போய் உட்காருகிறவர்களிடம், "மூச்சு விடுங்க ஐயா, கேமரா ஒண்ணும் கடிக்காது" என்பாள். வேலையில் சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். கோபம் வந்துவிட்டால் லேசில் இறங்காது.

அப்படிப்பட்டவளை ஒருத்தன் ஏமாற்றிவிட்டான். நேரில் வந்து ஏமாற்றியிருந்தால்கூட நாலு வார்த்தை கேட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். இவன் எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு, இணையத்தில் சிரித்துச் சிரித்தே ஏமாற்றினான், பாவி.

கேமரா சித்தப்பா என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டவன் அவன். எந்த லென்ஸ் வாங்கலாம், எந்த ஃபிளாஷ் நல்லது என்று வீடியோ போடுவான். ஊரில் பாதிப் போட்டோக்காரர்கள் அவன் பேச்சைக் கேட்டுத்தான் பர்ஸைத் திறந்தார்கள். ஒரு நாள் நகத்தளவு மெமரி கார்டு ஒன்றைத் தூக்கிக் காட்டினான். "கேமராவுல ரெண்டு கார்டு போட இடம் இருக்குன்னு ரெண்டும் போடாதீங்க. ரெண்டாவது கார்டுல நகல் ஏறும்போது வேகம் குறைஞ்சிடும். இது ஒண்ணு போதும். சித்தப்பா சொல்றேன், கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க!" என்றான். நம் அக்காவும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினாள். அதுவும் எதற்கு? தங்கை கல்யாணத்துக்கு.

மாப்பிள்ளை வீட்டார் பெரிய போட்டோக்காரராகப் பார்த்துப் பேசி வைத்திருந்தார்கள். இவள்தான் குதித்தாள். "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது என் தங்கச்சி கல்யாணத்துக்கு வெளியாளா? நல்லா இருக்கே கதை!" தங்கையும் புகுந்த வீட்டில் மல்லுக்கட்டி, அக்காதான் எடுப்பாள் என்று சம்மதம் வாங்கினாள். கல்யாணத்தன்று இவள் சாப்பிடக்கூட உட்காரவில்லை. நாற்காலி மேல் ஏறினாள், தரையில் மண்டியிட்டாள், அப்பா மகளைக் கட்டிக்கொண்டு அழுததை அப்படியே பிடித்தாள். வீட்டுக்கு வந்து கார்டைக் கணினியில் செருகினால் ஒன்றுமே இல்லை. அழிந்ததை மீட்டுத் தருகிற கடையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். "அக்கா, சாம்பல் கலர்ல கோடு கோடாத்தான் வருது. வேற எதுவும் தேறலை" என்று கையை விரித்துவிட்டான் கடைக்காரன்.

மிஞ்சியதெல்லாம் விருந்தாளிகளின் போனில் இருந்தவை. அவற்றில் கல்யாணப் பெண்ணைவிட முன்வரிசைக்காரர்களின் பின்மண்டைதான் நன்றாக விழுந்திருந்தது.

தங்கைக்குப் போன் போட்டாள். "கார்டு கழுத்தறுத்திடுச்சுடி. ஒரு படுபாவி சொன்னான்னு வாங்கினேன், விக்கிறவனும் பாத்துக் குடுக்கலை, எல்லாம் திருட்டுப் பசங்க" என்று பொரிந்து தள்ளினாள். தங்கை கேட்டு முடித்ததும் போனை வைத்துவிட்டாள். அதோடு சரி. அதற்குப் பிறகு இவள் எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள், யாரோ எவரோ போல ஆகிவிட்டாள்.

வயிறு எரிந்தது. சித்தப்பாவின் வீடியோவுக்குக் கீழே போய் நடந்ததை எழுதினாள். "பொருள்ல குறை இல்லை, தங்கச்சி. பயன்படுத்தத் தெரியணும்" என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு பதில் போட்டான். கொஞ்ச நேரத்தில் அவள் எழுதியதையே காணோம், நீக்கிவிட்டிருந்தான்.

"தங்கச்சியாம்ல தங்கச்சி! இவன் வாயாலேயே என் தங்கச்சிகிட்ட 'என்னாலதான் போட்டோ போச்சு'ன்னு சொல்ல வைக்கலைன்னா, என் பேரை மாத்திக் கூப்பிடுங்க!" என்றாள் கணவனிடம்.

கணவன் பஸ் ஓட்டுகிறவன், நிதானமான ஆள். "அவனைத் திட்டற நேரத்துல நேரா தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வாயேன்" என்றான்.

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது? அவனைக் கூட்டிக்கிட்டுத்தான் போவேன்" என்றாள்.

அன்று முதல் சித்தப்பாவின் வீடியோக்களை ஒன்று விடாமல் பார்க்க ஆரம்பித்தாள். வாடிக்கையாளர் தலைவாரிக்கொள்ளும் இடைவெளியில்கூடப் பார்த்தாள். பக்தியோடு பார்த்தபோது கண்ணில் படாததெல்லாம் பகையோடு பார்த்தபோது பட்டது. அவன் கேமராவின் வாரில் வியர்வைக் கறை கிடையாது. பொத்தான்களில் ஒரு எழுத்துகூடத் தேய்ந்ததில்லை. எந்தப் பொருளைப் பற்றியும் ஒரு குறை வாயில் வராது. அதுதான் அவளுக்கு உறுத்தியது. புழங்கினவன் குறை சொல்லாமல் இருப்பானா? அவளுடைய பழைய லென்ஸைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், மூடி நிற்காது, வெயிலுக்கு நேராகத் திருப்பினால் படம் வெளுக்கும், ஆனாலும் தங்கம் என்று மூச்சு விடாமல் சொல்வாள். கட்டிக்கொண்டு அழுதவர்களுக்குத்தான் அதெல்லாம் தெரியும். இவனோ டப்பாவைப் பிரிப்பான், புகழ்வான், வாங்குகிற இணைப்பு கீழே இருக்கிறது என்று கையைக் காட்டுவான்.

அப்புறம்தான் பூனை மாட்டியது. ஒரு லென்ஸ் வீடியோவில், "இந்த லென்ஸ்ல எடுத்தது பாருங்க" என்று மதில்மேல் கொட்டாவி விடும் பூனையைக் காட்டினான். வேறொரு கம்பெனி லென்ஸுக்கும் அதே பூனை. இன்னொன்றிலும் பூனையேதான். அதே கொட்டாவி, அதே உடைந்த பல், பக்கத்தில் அதே காய்கிற துண்டு. ஸ்டூலில் இருந்த பெரியவர் பதறும்படி, "மாட்டினாண்டா!" என்று கத்திவிட்டாள்.

மூன்று பூனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தானே ஒரு வீடியோ போட்டாள். "சித்தப்பா, உங்க பூனைக்கு இன்னுமா தூக்கம் வரலை?" என்று மட்டும் கேட்டாள். பற்றிக்கொண்டது. அவன் சொன்னான் என்று வாங்கிய முக்காலி மடங்கிக் கேமரா உடைந்தவன் வந்தான். பேட்டரி வீங்கினவன் வந்தான். ஆளாளுக்கு அவன் வீடியோக்களுக்குக் கீழே பூனைப் படமாகப் போட்டார்கள். அவனுக்குக் காசு கொடுத்துவந்த கம்பெனிகள் கழன்றுகொண்டன. அவன் கண்கலங்க ஒரு விளக்கம் போட்டபோது இவள் அதை இரண்டு தடவை பார்த்தாள். வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. ஆனால் தங்கை போன் எடுக்கவில்லை.

ஒரு மத்தியானம் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவன் வந்தான். வெளிச்சமும் பவுடரும் இல்லாமல் ஆள் பாதியாகத் தெரிந்தான்.

"நான்தாங்க... சித்தப்பா."

"வாங்க, வாங்க. உக்காருங்க" என்று ஸ்டூலைக் காட்டினாள். உட்கார்ந்ததும் பெரிய விளக்கைப் போட்டு நேராக அவன் முகத்தில் திருப்பினாள். அவன் கண்ணைச் சுருக்கினான்.

"அந்த வீடியோவை எடுத்துடுங்கம்மா. என் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல பூனை பூனைன்னு கூப்பிடறாங்களாம். அழுதுக்கிட்டே வருது."

அவளுக்கு மனசு இளகப் பார்த்தது. இளக விடவில்லை. "அந்தக் கார்டைக் கேமராவுல போட்டுப் பாத்தீங்களா? உண்மையைச் சொல்லுங்க."

"டப்பாவைப் பிரிச்சேன். அதோட சரி."

"அடப்பாவி மனுஷா! சரி, இதை அப்படியே என் தங்கச்சிகிட்ட சொல்லுங்க. வீடியோவைப் பத்தி அப்புறம் பேசலாம். உங்க போன்லயே போடுங்க, என் நம்பரைப் பாத்தா எடுக்க மாட்டா. ஸ்பீக்கர்ல போடுங்க."

மணி அடித்தது. தங்கை எடுத்தாள். அவன் தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னான். பார்க்காத பொருளைப் புகழ்ந்தேன், என்னால்தான் உங்கள் கல்யாணப் படம் போயிற்று, என்னை மன்னிக்க வேண்டும் என்று தலையைக் குனிந்துகொண்டே சொல்லி முடித்தான். இவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எத்தனை நாள் கனவு கண்ட காட்சி!

"பக்கத்துல அக்கா நிக்கறாளா?" என்று தங்கை கேட்டாள்.

"ஆமாங்க."

"உங்க மேல எனக்கு என்னங்க கோபம்? நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது. நான்தான் எடுப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னது அவ. அவளுக்காக நான் இந்த வீட்டுல சண்டை போட்டேன். போட்டோ போச்சுன்னு சொன்ன அன்னைக்கு கார்டைத் திட்டினா, கடைக்காரனைத் திட்டினா, உங்களைத் திட்டினா. 'மன்னிச்சுடுடி'ன்னு ஒரு வார்த்தை அவ வாயில வரலை. நான் போட்டோவுக்காகவா பேசாம இருக்கேன்? இப்பக்கூடப் பாருங்க, அந்த வார்த்தையைச் சொல்றதுக்கு உங்களைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிறுத்தியிருக்கா."

அக்காவின் வாய் தானாகத் திறந்தது. ரெண்டு கார்டு போடாதேன்னு இவன்தானே சொன்னான் என்பது நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கினாள். இவனை முதலில் வெளியே துரத்திவிட்டு அப்புறம் பேசலாம் என்று பார்த்தால், போன் அவனுடையது. அவன் போனால் தங்கையும் போய்விடுவாள். யாரைத் தலைகுனிய வைக்க வேண்டும் என்று இத்தனை நாளும் தூக்கம் கெட்டாளோ, அவன் முன்னாலேயே சொல்ல வேண்டும். அவன் எழுந்து சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டான். அந்த நாகரிகம் வேறு அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"மன்னிச்சுடுடி" என்றாள். "என் தப்புதான்."

"கேக்கலை. சத்தமா சொல்லு" என்றாள் தங்கை. அவள் குரல் உடைந்திருந்தது.

நடைபாதையில் போகிறவர்கள் நின்று கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கும்படி, அவள் இன்னொரு முறை சொன்னாள்.