துருப்பிடிக்காத கம்பி

என் அக்கா வீட்டுக்காரரைத் தொழில் வட்டாரத்தில் ‘காந்தம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் முகத்தைப் பார்த்து யாரும் வைத்த பெயர் இல்லை அது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தத் துண்டு வைத்திருப்பார். விருந்துக்குப் போன வீட்டில் தட்டு வைத்தால், சோறு வருவதற்குள் தட்டைத் தூக்கி அடியில் காந்தத்தை வைத்துப் பார்த்துவிடுவார். ஒட்டிக்கொண்டால் முகம் சுண்டிப்போகும். “430” என்று என் காதில் மெதுவாகச் சொல்வார், ஏதோ அந்த வீட்டுக் குடும்ப ரகசியத்தைச் சொல்வது போல. அக்கா மேசைக்கு அடியில் அவர் காலை மிதிப்பாள்.

அத்தானுக்கு எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை. படிக்கட்டுக் கைப்பிடி, ஓட்டல் சமையலறை மேடை, தொட்டி, சிங்க் என்று அவர் பட்டறையில் எல்லாம் செய்வார்கள். நாமெல்லாம் எவர்சில்வர் என்று ஒரே பெயரில் சொல்லிவிட்டுப் போகிற சாமானுக்குள் எத்தனை ரகம் என்று கேட்டால் அன்றைய பொழுது போய்விடும். காந்தம் ஒட்டினால் பெரும்பாலும் 430, அதில் நிக்கல் கிடையாது, ஈரம் படாத இடத்துக்குப் போதும். ஒட்டவில்லை என்றால் உடனே சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. நல்ல 304-ம் ஒட்டாது, அதைப் போலவே நடிக்கிற 202-ம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைப் போட்டு ஒப்பேற்றியது 202. அதைப் பிடிக்க ஒரு குப்பியில் மருந்து வைத்திருந்தார், ஒரு சொட்டு விட்டால் சிவந்து காட்டிக்கொடுக்கும். கத்திக்கு 420. கூர் நிற்கும், ஆனால் ஈரத்தோடு போட்டுவைத்தால் புள்ளி விழும். சமையலறைக்கு 304. உப்புக்காற்று, குளோரின் மருந்து போட்ட தண்ணீர் என்றால் 316, அதில் மாலிப்டினம் கலந்திருக்கும். அந்த வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் அத்தான் குரல் பயபக்தியாகத் தாழும்.

இத்தனையும் அவர் கற்றுக்கொண்டது அறிவு ஆசையால் இல்லை, பயத்தால். அத்தானைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. லிஃப்டில் ஏறினால் கதவு திறக்கும்வரை பேச்சு வராது. பூட்டிய வீட்டைப் பாதித் தெரு போனபின் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். ஏணியில் நாலு படி ஏறினால் முழங்கால் ஆடும், அதனால் உயரமான வேலைக்கெல்லாம் ஆட்களைத்தான் ஏற்றுவார். எல்லாப் பயத்துக்கும் மேலான பயம் துரு. தொழில் தொடங்கிய புதிதில் ஒரு மருத்துவமனைக்குக் கைப்பிடி போட்டுக் கொடுத்தார். கடைக்காரன் 304 என்று சொல்லி 202-ஐத் தலையில் கட்டியிருந்தான். ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் கைப்பிடி முழுக்கப் பழுப்புப் புள்ளி. நோயாளிகள் பிடிக்கிற இடத்தில் இப்படியா என்று அங்கிருந்த டாக்டர் கேட்டதை இன்னும் சொல்லி மாய்ந்துபோவார்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் கூரை போட்ட நீச்சல் குளம் ஒன்று கட்டினார்கள். தண்ணீருக்கு மேலே ஃபால்ஸ் சீலிங் தொங்கவிடுகிற வேலை அத்தானுக்கு வந்தது. வரைபடத்தில் இருந்தது சாதாரண ஜி.ஐ. கம்பி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, மேலே பெயிண்ட். அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தக் குளோரின் வாடையில் இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்று குளத்து மேனேஜரோடு மல்லுக்கட்டி, மரை போட்ட 316 கம்பியாகவே வாங்கி மாட்டினார். வாழ்நாளில் அந்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் அவருக்குப் பயமே கிடையாது. என் மகளை அங்கே நீச்சல் வகுப்பில் சேர்க்கலாமா என்று நான் கேட்டபோது, “தாராளமா சேத்துவிடும்மா, மேல இருக்கறது நம்ம கம்பி” என்றார். சேர்த்துவிட்டேன்.

அதன்பிறகு ஒரு சனிக்கிழமை, எஸ்.எஸ். பட்டறைக்காரர்கள் கூட்டம் ஒன்றுக்குப் போனார். சாப்பாடு நன்றாக இருக்கும் என்பதற்காகவே பாதிப் பேர் போகிற கூட்டம். உலோகப் பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் இன்ஜினியர் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். ஒடிந்த கம்பி. எங்கோ ஒரு நீச்சல் குளத்துக் கூரையிலிருந்து விழுந்தது. துரு என்று ஒரு பொட்டுகூட இல்லை, கடையில் வாங்கிவந்த மாதிரி பளபளத்தது.

அந்த அம்மா சொன்னது இதுதான். குளத்துத் தண்ணீரிலிருந்து கிளம்புகிற ஆவி கூரைக்கு மேலே போய்க் கம்பியில் படியும், காயும், மறுபடி படியும். கீழே இருக்கிற கைப்பிடியையும் ஏணியையும் தினமும் கழுவித் துடைக்கிறோம், அவை பிழைத்துக்கொள்ளும். மேலே போய் யார் துடைக்கிறார்கள்? பாரம் தாங்கி இழுபட்டுக்கொண்டே இருக்கிற கம்பிக்குள் மயிரிழை போல விரிசல் ஓடும். வெளியே எதுவும் தெரியாது. ஒரு நாள் ஒடியும். 304 மட்டும் இல்லை, 316-ம் இதற்குத் தப்பாது. அந்த இடத்துக்கு இன்னும் உயர்ந்த தனி ரகம் வேண்டும், அல்லது பெயிண்ட் அடித்த சாதாரண ஜி.ஐ. போதும். அது கெட்டுப்போனால் துருப்பிடித்து நமக்குச் சொல்லிவிடும், 316 சொல்லாது.

அன்று ராத்திரி அத்தான் தூங்கவில்லை, அக்காவிடமும் காரணம் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயந்தாராம். விடிந்ததும் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறார். வீடு பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு நாங்கள் முன்னாலேயே கிளம்பியிருந்தோம்.

குளத்தங்கரை பெஞ்சில் மற்ற அம்மாக்களோடு நான் உட்கார்ந்திருந்தேன். அத்தான் மேனேஜரோடு உள்ளே வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. தண்ணீரைப் பார்த்தார், மேலே பார்த்தார், என் மகள் எங்கே என்று தேடினார்.

“பாப்பா தண்ணில இறங்கிட்டாளா?”

“இறங்காம? ஏன் அத்தான், என்னாச்சு?”

“ஒண்ணுமில்லம்மா. பாத்துட்டு வந்து சொல்றேன்.”

அவர் ஒன்றுமில்லை என்றால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் பாதி நாள் அது நாய் துரத்தியதாக இருக்கும். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேனேஜர் தன்மையான மனிதர்தான், ஆனால் அன்றைக்குப் பொறுமை இழந்திருந்தார். “துரு இருக்கான்னா இல்லங்கறீங்க. நீங்களே பிடிவாதம் பிடிச்சுப் போட்ட கம்பி. எதை வெச்சு நான் வகுப்பை நிறுத்தறது? மேல போய்ப் பாத்துட்டு வாங்க. ஒண்ணு கெட்டிருந்தாலும் உடனே மூடிடறேன்.”

அத்தான் அந்த இடத்தில் சத்தம் போட்டிருக்கலாம். அவருக்குச் சத்தம் வராது, அதுதான் பிரச்சினை. ஆட்களைக் கூப்பிடவும் வெட்கம். ஸ்பேனரையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு பக்கத்து அறைப் படியில் தானே ஏறினார். ஏறுவதற்கு முன் என் போனுக்குக் கூப்பிட்டார். “லைன்லயே இரும்மா. மேல தனியா இருக்க பயமா இருக்கு.” எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாவிடம் கண்ணைக் காட்டிவிட்டு போனைக் காதில் வைத்துக்கொண்டேன்.

சீலிங்குக்கு மேலே ஆட்கள் போய்வர ஒரு நடைபலகை உண்டு. அதுவும் அதே கம்பிகளில்தான் தொங்குகிறது. அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. பலகை கிறீச்சிடுவது கேட்டது. கீழே குழந்தைகள் கரையோரக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காலை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. பளபளன்னு இருக்கு.”

“அப்புறம் என்ன, இறங்குங்க.”

“ஒரு நட்டை மட்டும் திருகிப் பாத்துடறேன்.”

டிக் என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான், பென்சில் முனை உடைவது போல. அதற்குப் பிறகு அவர் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. நான் இரண்டு தரம் அத்தான், அத்தான் என்றேன்.

“கம்பி கையோட வந்துருச்சும்மா.” குரல் அடங்கி, வேறு யாரோ பேசுவது போல இருந்தது. “பக்கத்துக் கம்பிலயும் சத்தம் வருது. நான் நின்னா நிக்குது, நகந்தா கத்துது. நீ கத்தாத. எல்லாப் பிள்ளைங்களையும் தண்ணிலேருந்து எடு. எல்லாரையும்.”

மேலே பார்த்தேன். வெள்ளைச் சீலிங் எப்போதும் போல இருந்தது, ஒரு மூலையில் மட்டும் விளக்கு கொஞ்சம் சாய்ந்திருந்தது. அங்கிருந்து வெள்ளைத் தூள் தண்ணீரில் உதிர்ந்துகொண்டிருந்தது.

பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் போய்க் காதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. அவள் ஒரு தரம் மேலே பார்த்தாள். அவள் வாயில் இருந்த விசிலை ஊதவில்லை. “யார் சத்தம் போடாம முதல்ல வெளிய போறாங்கன்னு பாக்கலாம்” என்று சாதாரணமாகச் சொன்னாள். அந்தக் குரலுக்காக அவளை நான் காலத்துக்கும் மறக்க மாட்டேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு கரையேறினார்கள். அம்மாக்கள் துண்டோடு வாரிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்கள்.

என் மகள் வரவில்லை. மூச்சை அடக்கிப் பழக அந்தச் சாய்ந்த விளக்குக்கு நேர் கீழே தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு கிடந்தாள். அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது. போனை பெஞ்சில் போட்டுவிட்டு உடுத்தியிருந்த துணியோடு இறங்கினேன். இடுப்பளவுத் தண்ணீர்தான், ஆனால் கால் நகர மறுத்தது. ஓட முடியாத கனவு வருமே, அப்படி. தலைக்கு மேலே டிக் என்றது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நின்றிருப்பேன். அவள் முடியைப் பிடித்து இழுத்தேன். எவ்வளவு நேரம் மூச்சடக்கினாள் என்று எண்ணவிடாமல் நான் கெடுத்துவிட்டேன் என்று கோபத்தில் என் கையைக் கடித்தாள்.

கரையேறி போனை எடுத்தேன்.

“பாப்பா வந்துட்டாளா?”

“வந்துட்டா.”

“மத்தவங்க?”

“எல்லாரும் வெளிய போயாச்சு அத்தான். நீங்க வாங்க.”

“கால் வரமாட்டேங்குதும்மா.”

“வரும். வாங்க.” எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. “வராட்டி அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது? வாங்க அத்தான்.”

நாங்கள் வாசலுக்குப் போய்விட்டோம். போனில் டிக், டிக் என்று பட்டாணி வறுபடுவது போல வரிசையாகக் கேட்டது. அப்புறம் குளத்துப் பக்கம் ஒரு பெரிய சத்தம். தண்ணீர் வாசல் கண்ணாடிவரை வந்து அறைந்தது. பலகையும் சீலிங்கில் மூன்றில் ஒரு பங்கும் விளக்குகளோடு சேர்ந்து குளத்துக்குள் கிடந்தன. அத்தான் கடைசி நொடியில் பக்கத்து அறை வாசலின் கான்கிரீட் விளிம்பில் பாய்ந்து விழுந்திருந்தார். முழங்கால் கிழிந்து, கையில் ஸ்பேனரை விடாமல் பிடித்துக்கொண்டு, படியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார்.

அக்கா ஓடி வந்தாள். வந்ததும் அவரை நாலு வார்த்தை திட்டினாள், ராத்திரியே ஏன் சொல்லவில்லை என்று. திட்டிக்கொண்டே தன் முந்தானையால் அவர் முழங்காலைத் துடைத்தாள். பிள்ளைகளின் பெற்றோர் சிலர் வந்து அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள், சிலர் தள்ளி நின்று முறைத்தார்கள். இரண்டுமே நியாயம்தான். மேனேஜர் குளத்தைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

மத்தியானத்துக்குள் செய்தி தொழில்காரர்கள் எல்லோருக்கும் பரவிவிட்டது. நாங்கள் இன்னும் குளத்து வாசற்படியில்தான் உட்கார்ந்திருந்தோம். அத்தானின் போன் அடித்தது. முன்பு அவரோடு சேர்ந்து வேலை பார்த்து, இப்போது வேறு ஊரில் சொந்தப் பட்டறை வைத்திருப்பவர். அத்தான் கையில் இன்னும் ஸ்பேனர் இருந்ததால் நான் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

“அண்ணே, கேள்விப்பட்டேன். யாருக்கும் ஒண்ணும் ஆகலயே?”

“இல்லப்பா.”

“நல்லவேளைண்ணே. எனக்கும் திக்குன்னு ஆயிருச்சு. இங்க குளத்துக்கு நீங்க சொன்னீங்கன்னுதானே நானும் 316 மாட்டினேன். உடனே ஓடிப்போய் டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன். ஒண்ணும் கவலைப்படாதீங்க. ஒரு கம்பிலகூட துரு இல்ல. பளபளன்னு புதுசு மாதிரி இருக்கு.”

அத்தான் எழுந்து நின்றுவிட்டார். அடிபட்ட முழங்கால் தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, இப்ப தண்ணில யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார்.