கிற்றார் செய்யப் படிக்க மூன்று இடங்கள்

இருபத்திரண்டு வருடம் படகுக்கு ஒட்டுப் போட்டவன் நான். உடப்புக் கரையில் பைபர் படகுகளைக் கவிழ்த்து வைத்து, வெடித்த இடத்தைத் தேய்த்து, மெட் என்று நாங்கள் சொல்லும் கண்ணாடி நார்த் துணியை அதன்மேல் விரித்து, ரெசின் என்ற பசையைப் பூசி இறுக வைப்பதுதான் வேலை. அந்தத் தூசு தோலில் பட்டால் இரண்டு நாளைக்கு அரிக்கும். நெஞ்சுக்குள் போனால் என்ன செய்யும் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

போன வருடக் கடைசியில் இருமல் நிற்கவேயில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுத்துப் பார்த்துவிட்டு டொக்டர் சொன்னார்: "ரெசினை விடுங்க. தூசு பறக்கிற எந்த வேலையும் வேணாம். விடாட்டி நான் தாற மருந்தால ஒரு பிரயோசனமும் இல்ல." மனைவி அப்போது மருந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். வெளியே வந்து ரெசினை விடச் சொல்கிறார் என்று மட்டும் அவளிடம் சொன்னேன். தூசைப் பற்றிச் சொன்ன மிச்சத்தை விழுங்கிவிட்டேன். எல்லாவற்றையும் விட்டால் நான் என்ன செய்வது?

முந்தலில் இறால் பண்ணை ஒன்றில் காவல் வேலை இருக்கிறது என்று மைத்துனர் சொன்னார். கதிரையில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தண்ணீரைப் பார்க்க வேண்டும். எனக்கு அது சரிவராது. கை சும்மா இருந்தால் எனக்குக் கோபம் வரும், எனக்குக் கோபம் வந்தால் வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. நாற்பத்தேழு வயதில் இந்தக் குணம் இனி மாறப்போவதும் இல்லை.

கிற்றார் எப்படி வந்தது என்று எல்லோரும் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். சிலாபத்துக்குத் தெற்கே இருந்து ஒரு கத்தோலிக்கப் படகுக்காரர் தன் படகை என்னிடம்தான் கொண்டுவருவார். அவர்களுடைய பக்கத்தில் கிற்றார் இல்லாத வீடு குறைவு. ஒரு தடவை லொறியில் படகோடு ஒரு கிற்றாரும் வந்தது. முகப்பலகை நீளத்துக்கு வெடித்துக் கிடந்தது. "அண்ணே, போட்டுக்கு ஒட்டுறீங்கதானே, இதுக்கும் ஒண்டு போட்டுத் தாங்களேன்" என்றார். இதென்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். கிற்றாரின் நடு ஓட்டைக்குள் கையை விட்டு, உள்ளே மெட் வைத்து, ரெசின் பூசினேன். வெடித்த இடத்துக்கு மட்டும் பூசிவிட்டு நிறுத்தினால் எங்கள் தொழிலில் அது அரைகுறை வேலை. நாளைக்கு வெடிக்கக்கூடிய இடத்துக்கும் சேர்த்துத்தான் பூசுவோம். அப்படியே அந்தப் பெட்டியின் உள்பக்கம் முழுவதையும் பூசி முடித்தேன்.

காய்ந்த பிறகு கம்பியைத் தட்டினேன். மீன் பெட்டியைத் தட்டின சத்தம் வந்தது. அவர் வந்து தட்டிப் பார்த்தார், இன்னொரு தடவையும் தட்டினார். "நல்ல உறுதியா இருக்கு அண்ணே" என்றார். மரியாதை தெரிந்த மனிதர். அவர் போன பிறகு வெட்கத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பொருளைக் கெட்டியாக்குவதைத் தவிர இந்தக் கைக்கு வேறொன்றும் தெரியாதா என்று இருந்தது. அன்றைக்குத்தான் போனில் கிற்றார் செய்கிற வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினேன். பிறகு அதை நிறுத்த முடியவில்லை. டொக்டர் வேலையை விடச் சொன்னதும் மனம் நேரே அங்கேதான் போனது.

"பள்ளிக்கூடம் போகச் சொன்ன வயசில மதிலேறிக் குதிச்சு ஓடின ஆள்" என்றாள் மனைவி. "இப்ப வகுப்புத் தேடுறாராம்." அவள் வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறாள். பள்ளிச் சீருடைகளும் சட்டைகளும் தைப்பாள். நக்கலடிக்கும்போதும் கை நிற்காது.

தேடியதில் மூன்று இடம் அகப்பட்டது. முதலாவது வெளிநாட்டு வகுப்பு, வீட்டிலிருந்தபடி போனில் பார்க்கலாம். ஒரு வெள்ளைக்காரர் சிரித்த முகத்தோடு ஆறுதலாகக் கதைத்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்கு முக்கால்வாசி விளங்கியது. இரண்டாவது பாடத்திலேயே, மரம் வைக்கும் அறை காய்ந்து இருக்க வேண்டும், காற்றில் ஈரம் கூடினால் அன்றைக்குப் பசை தொடவே கூடாது என்றார். எங்கள் வீட்டில் உப்புப் போத்தலுக்குள் கரண்டி விட்டால் உப்பு கட்டியாக ஒட்டிக்கொண்டு வரும். அலுமாரிக்குள் மடித்து வைத்த சேலை நசநசக்கும். அவர் சொன்ன கணக்குப்படி பார்த்தால் எங்கள் ஊரில் ஒரு வருடத்தில் ஒரு நாள்கூடப் பசை தொட முடியாது. வீடியோவை நிறுத்தினேன். அவர் சிரித்தபடியே நின்றார்.

இரண்டாவது நீர்கொழும்புப் பக்கம். ஆறு மாதம், தங்கிப் படிக்க வேண்டும், முடிவில் கையில் ஒரு சான்றிதழ். அறுக்க ஒரு மெஷின், தேய்க்க ஒரு மெஷின் என்று எல்லாம் இருந்தன. சிங்களத்தில்தான் படிப்பிப்பார்கள், அது எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் கடல் கொந்தளிக்கிற காலத்தில்தான் வகுப்புத் தொடங்கியது. படகெல்லாம் கரையேறுவதும் எனக்கு வேலை வருவதும் அந்த மாதங்களில்தான். நான் போனால் படகுக்காரர்கள் முந்தலில் இருக்கும் மற்ற ஒட்டுக்காரனிடம் போவார்கள், திரும்பி வரமாட்டார்கள். அதை நினைத்து எனக்குக் கவலை வரவில்லை. அவ்வளவு அலுத்துப் போயிருந்தேன்.

மூன்றாவது சிலாபத்துக்குக் கிட்ட. ஒரு பெண் தனியாக நடத்துகிறார். சனிக்கிழமை மட்டும், இரண்டு வருடம், மெஷின் ஒன்றும் கிடையாது. போன் எடுத்தேன்.

"முதல் ஆறு மாசமும் உளியும் சீவுளியும் தீட்டத்தான் பழக்குவன்" என்றார்.

"எனக்கு அவ்வளவு நேரமில்ல மிஸ்."

"அப்ப வேற இடம் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கேட்டது ஒரு கேள்வி, அதற்கு இவ்வளவு திமிரா? அப்போதே நீர்கொழும்பு என்று முடிவெடுத்தேன்.

ஆட்களைத் தெரிவு செய்யும் நாளன்று விடியும் முன்பே, வெள்ளாப்பிலேயே பஸ் ஏறினேன். வகுப்பு நடந்த இடம் கதவு யன்னல் எல்லாம் அடைத்த ஒரு அறை. காற்றை உலர வைக்க மூலையில் ஒரு மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. வந்த ஆறு பேரில் மற்ற ஐந்து பேருக்கும் என் வயதில் பாதிகூட இராது. படிப்பிக்கிறவருக்கே முப்பது வயதுதான் இருக்கும். சிங்களவர், தமிழும் சரளமாகக் கதைத்தார், என்னை "அய்யே" என்று மூத்தவனுக்குரிய மரியாதையோடு கூப்பிட்டார். ஆளுக்கு ஒரு மெல்லிய பலகை தந்தார். பிஸ்கட் தடிப்புத்தான் இருக்கும். அதைச் சாண்ட் பேப்பரால் ஒரே சீராகத் தேய்த்துக் காட்ட வேண்டும்.

தேய்ப்பது என் தொழில். இதில் என்னை யார் வெல்ல முடியும் என்று ஒரு மிதப்பு வந்தது, பொய் சொல்லவில்லை.

மூக்குக்குப் போட ஆளுக்கொரு மாஸ்க் தந்தார்கள். போட்டுப் பார்த்தேன், மூச்சு முட்டியது. எங்கள் கரையில் யாரும் மாஸ்க் போடுவதில்லை. தேய்க்கத் தொடங்கும் முன் துவாயைத் தண்ணீரில் நனைத்து, அரைகுறையாகப் பிழிந்து, மூக்கையும் வாயையும் சேர்த்துப் பிடரியில் முடிந்து கட்டுவோம். தூசு ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், முகமும் குளிரும். எனக்கு முன்னால் வேலை செய்தவர்களும் அப்படித்தான் கட்டினார்கள். நான் யோசிக்கவேயில்லை. வெளியே பைப்புக்குப் போய்த் துவாயை நனைத்துக் கட்டிக்கொண்டு வந்து குனிந்து தேய்க்கத் தொடங்கினேன்.

துவாய் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கண்டேன், உள்ளங்கையால் துடைத்துவிட்டுத் தொடர்ந்து தேய்த்தேன். படகில் ஒரு சொட்டுத் தண்ணீரை யார் கணக்கில் எடுப்பது? கொஞ்ச நேரத்தில் பலகையின் ஒரு மூலை எழும்பியது. அமத்தினேன். மற்ற மூலையும் எழும்பியது. சுட்ட அப்பளம் போல முழுப் பலகையும் வளைந்துகொண்டு வந்தபோதுதான் அவர் ஓடிவந்தார்.

"அய்யே, தண்ணியா இது? இந்த ரூமுக்குள்ள தண்ணி கொண்டு வந்தீங்களா?"

அந்த இளைஞர்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். அவசரமாகத் துவாயை அவிழ்த்தேன். அவிழ்த்ததுதான் தாமதம், ஆறு பேர் தேய்த்த மரத்தூசு அப்படியே நெஞ்சுக்குள் போனது. இருமல் தொடங்கியது, நிற்கவில்லை. நிலத்தில் குந்திவிட்டேன். கண்ணில் தண்ணீர், வாயில் எச்சில், சொல்லவே கூச்சமாக இருக்கிறது. யாரோ என் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து படியில் இருத்தினார்கள்.

படிப்பிக்கிறவர்தான் பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்து தந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எவ்வளவு நாளா?"

"தடிமன் தம்பி. மூக்கடைப்பு, அவ்வளவுதான்."

"தடிமன் இல்ல அய்யே. டொக்டர் என்ன சொன்னார்?"

"ரெசினை விடச் சொன்னார்."

"தூசுக்கு ஒண்டும் சொல்லயில்லையா?"

நான் பிளேன்ரீயைக் குடித்தேன். அவர் சொன்னார்: "உங்கட கை நல்ல கை. பலகை வளைய முந்தி நீங்க தேய்ச்சதைப் பார்த்தன், அந்தப் பொடியன்கள் ஒருத்தனும் அப்படித் தேய்க்கயில்ல. வாறதெண்டா நான் எடுப்பன். ஆனா இங்க ஆறு மாசமும் இந்தத் தூசுக்குள்ளதான். நீங்களே யோசிச்சு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

வேண்டாம், போங்கள் என்று அவரே சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவரைத் திட்டிக்கொண்டாவது வீட்டுக்குப் போயிருப்பேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் யன்னல் பக்கம் இடம் கிடைத்தது. சிலாபம் தாண்டும் வரைக்கும் ஒன்றும் நினைக்காமல் இருந்தேன். அதற்குப் பிறகுதான் உள்ளே கிடந்தது வெளியே வந்தது. ஆறு மாதத்தை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சான்றிதழுக்காக இல்லை, மெஷினுக்காகவும் இல்லை. ஆறு மாதம் என்றால் எப்படியும் முடித்துவிடலாம். இரண்டு வருடம் எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணோடு எனக்கு வந்த கோபமும் அதனால்தான். பயமாக இருந்தது. இவ்வளவு நாளும் எனக்குள்ளேகூட அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வரும்போது பின்னேரமாகிவிட்டது. மனைவி மெஷினில் இருந்தாள்.

"என்ன, எடுத்தாங்களா?"

"எடுப்பாங்கள்."

"பிறகென்னத்துக்கு முகத்தை இப்படி வச்சிருக்கிறீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். துவாயை, வளைந்த பலகையை, இருமலை, படியில் இருந்து கதைத்ததை. கடைசியில், டொக்டர் தூசைப் பற்றிச் சொல்லி நான் மறைத்ததையும் சொன்னேன். கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் கத்தவில்லை. எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது. தைத்துக்கொண்டிருந்த ஓரத்தை முடிவு வரைக்கும் தைத்து நூலை அறுத்தாள்.

"அந்த சிலாபத்து மனுசி தூசில்லாம எப்படிச் செய்யிறா?"

"எல்லாம் சீவுளியாலதான் சீவுறது. சுருள் சுருளா நிலத்தில விழும். பறக்காது."

"எத்தினை வருஷம் எண்டீங்க?"

"ரெண்டு."

"அப்ப அதுக்குப் போங்க."

"உனக்கு விளங்கயில்ல. ஆறு மாசமெண்டா முடிச்சிடுவன் எண்டு எனக்கு நிச்சயம். ரெண்டு வருஷமெண்டா..."

அவள் என்னை நேரே பார்த்தாள்.

"விளங்குது. விளங்கித்தான் சொல்லுறன். ஆறு மாசத்துக்குக் கணக்குப் பார்க்கிற மனுசன் எனக்கு வேணாம். ரெண்டு வருஷம் படிக்கிறதெண்டா ரெண்டு வருஷம் ஆள் இருக்கோணும்தானே. போனை எடுங்க."

எடுத்தேன். அந்தப் பெண்ணுக்கு என் குரல் ஞாபகம் இருந்தது. நேரமில்லாத ஆள்தானே என்று கேட்டார். ஓம் மிஸ், நான்தான், நேரம் இருக்கிறது என்றேன்.

"அரைவாசியில விட்டுட்டுப் போறவங்களுக்கு நான் படிப்பிக்கிறதில்ல" என்றார். "ரெண்டு வருஷமும் வருவீங்களா?"

போனைக் காதில் வைத்தபடி நின்றேன். மனைவி எழும்பி வந்து அதை என் கையிலிருந்து வாங்கினாள்.

"வருவார் மிஸ்" என்றாள். "நான் அனுப்புவன்."

போனைத் திருப்பித் தந்துவிட்டு மெஷினுக்குப் போய் உட்கார்ந்தாள். அறுத்த நூலை ஊசியில் கோக்கப் பார்த்தாள். இரண்டு தடவை, மூன்று தடவை. நூல் உள்ளே போகவில்லை. நான் போய் வாங்கிக் கோத்துக் கொடுத்தேன்.