குழாய்ப் பதிவில் என் குரல்

ஒருத்தி எரியோடு ஊரில் தன் வீட்டில் இருக்கும்போது அவள் குரல் மட்டும் திண்டுக்கல்லில் கேட்குமா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த மாதிரி விஷயங்களை நான் நம்பியதே இல்லை, பிள்ளைக்குக் கன்னத்தில் மை வைப்பதுகூட மாமியாருக்காகத்தான்.

நானும் ஜெசிந்தாவும் திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்து ஆராய்ச்சி செய்தோம். அணு உலையைக் குளிர்விக்கும் குழாயில் தண்ணீரும் நீராவியும் கலந்தால் எப்படி ஓடும் என்பதுதான் விஷயம். நாங்கள் நீராவிக்குப் பதிலாகக் காற்றை விடுவோம். காற்று குறைவாக இருந்தால் குமிழிகள் தனித்தனியாகப் போகும், கூட்டக் கூட்ட ஒன்றுசேர்ந்து பெரிய பெரிய கட்டிகளாக ஓடும். ஜெசிந்தா குழாயைப் பார்க்காமல் வால்வைத் திருகுவாள், பார்த்தால் கை தானாக அவசரப்படும். ஓட்டம் மாறும் நொடியில் நான் "மாறிடுச்சு" என்பேன். அது கேமராவில் பதிவாகும், அந்த நொடியில் ஓடும் காற்றின் அளவைக் குறித்துக்கொள்வோம்.

மகன் பிறந்ததும் நான் வீட்டோடு நின்றேன். அவள் தனியாகவே தொடர்ந்தாள், வீடியோவைப் பிறகு போட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். தினமும் குழாயைப் படம் எடுத்து அனுப்புவாள். பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே அதைப் பார்ப்பேன், வயிறு எரியும். நான் பார்த்துப் பழகிய குழாய் அது.

ஒரு மதியம், இரண்டு மணி தாண்டியிருக்கும், மகனை மடியில் போட்டுக்கொண்டு, இப்போது அவள் வால்வைத் திருகிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். நம்பினால் நம்புங்கள், அவளுக்குத் தப்பாகப் போகட்டும் என்று வேண்டுமென்றே, முன்கூட்டியே, "மாறிடுச்சு" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

சாயங்காலம் போன் வந்தது. "ஏய், பிள்ளையத் தூக்கிட்டு இம்புட்டு தூரம் வந்துட்டு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டியாக்கும்?"

"நான் எங்கடி வந்தேன்?"

"வீடியோல உன் குரல் இருக்குல்ல. நான் கவனிக்கிறதுக்குள்ள ஓடிட்ட."

நான் வரவே இல்லை என்று எவ்வளவோ சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வீட்டுக்கே வந்து போட்டுக் காட்டினாள். வீடியோவில் காட்டிய நேரம் இரண்டு பத்து. குமிழிகள் இன்னும் தனித்தனியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. என் குரல் "மாறிடுச்சு" என்றது.

"பழைய ஆடியோ எதுவும் கலந்திருக்கும்," என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். "எனக்கு இது மாறின மாதிரி தெரியலடி. ஆனா இப்ப நீயும் பாத்துட்டு இல்லைன்னு சொல்லலையே, அப்ப சரியாத்தான் இருக்கும். என் கண்ண விட உன் கண்ணத்தான் நம்புவேன். உன் குரல் விழுந்த எடத்த வச்சே அளவ எழுதிடுறேன்."

வேண்டாம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

பழைய ஆடியோ இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு சிணுங்கல் கேட்கிறது. வால்வு கீச்சிடுகிறது என்றாள் அவள். அது என் மகன். நாங்கள் சேர்ந்து வேலை செய்த நாட்களில் அவன் பிறக்கவே இல்லை.

இப்போது ஆராய்ச்சிக் கட்டுரை தயாராகிவிட்டது. அந்தத் தப்பான அளவை வைத்துத்தான் மற்ற கணக்கெல்லாம் போட்டிருக்கிறாள், என் பெயரையும் தன் பெயருக்குப் பக்கத்தில் சேர்த்திருக்கிறாள். அடுத்த வாரம் ஒரு ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பப் போகிறாள். அந்த அளவு தப்பு என்று சொன்னால், அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். படிக்கிறவர்களில் யாராவது சொல்லுங்கள், அவளிடம் நான் எதிலிருந்து ஆரம்பிப்பது?